பழைய அலமாரியைத் தொலைக்காட்சி மேடையாக்கும் முறை

வீட்டில் உள்ள பொருளைச் செப்பனிட்டுப் புதிய பணிக்கு ஏற்றதாக்கிக் கொள்வது சிக்கனத்தின் முதற்படியாகும். பினாங்குத் தீவின் எதிர்க்கரையில், மத்திய செபராங் பிறை மாவட்டத்தில் அமைந்துள்ளது ஜுரு. தோட்டங்கள் சூழ்ந்திருந்த இவ்வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. லயத்து வீட்டிலிருந்து வரிசை வீட்டுக்கோ அடுக்குமாடிக்கோ குடிபெயரும் குடும்பங்கள், பாத்திரமும் துணியும் வைத்திருந்த பழைய அலமாரியையும் உடன் கொண்டு செல்கின்றன. அதைக் கழித்துவிட்டுத் தவணையில் புதிய மேடை வாங்க வேண்டுவதில்லை. ஒரு விடுமுறை நாளின் உழைப்பில் அதையே தொலைக்காட்சி மேடையாக்கலாம். ஆயினும், பாத்திரம் தாங்கிய அலமாரி தொலைக்காட்சியையும் பாதுகாப்பாகத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏன் என்பதையும், செய்ய வேண்டுவன எவை என்பதையும் இங்குக் காண்போம்.

அன்றும் இன்றும்

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கிற்று. வண்ண ஒளிபரப்பு 1978-இல் வந்தது. அக்காலத்தில் வந்த பெட்டிகள் பல, மரக்கூடும் கால்களும் கொண்டு, தாமே ஒரு தளவாடமாக நின்றன. பின்னர் வந்த கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளுக்குத் தனி மேடை தேவைப்பட்டது. அவற்றின் எடை பெரும்பாலும் முன்பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, எண்மிய ஒளிபரப்பு அதன் இடத்தைப் பெற்றது. இன்றைய தட்டைத் திரைப் பெட்டி எடை குறைந்தது. ஆனால் மெலிந்த இரு கால்களில் நிற்பது. பழைய பெட்டி கனத்தால் ஆபத்தானது; புதிய பெட்டி எளிதில் சரிவதால் ஆபத்தானது. இரண்டுக்கும் உறுதியான மேடையே காப்பு.

அலமாரியைத் தேர்ந்தெடுத்தல்

ஆழம் 40 சென்டிமீட்டருக்குக் குறையாத, உயரம் குறைந்த அலமாரியே ஏற்றது. தொலைக்காட்சியின் இரு கால்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை முதலில் அளந்துகொள்க. அலமாரியின் மேற்பலகை அதைவிட இரு புறமும் சில அங்குலமேனும் அகன்றிருக்க வேண்டும்.

அடுத்து, மரத்தை ஆராய்க. ஊசித்துளை போன்ற ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் காணப்பட்டால், மரத்தை வண்டு அரிக்கிறது என்று பொருள். ரப்பர் மரத்தில் மாச்சத்து மிகுதி; ஆதலால் பதப்படுத்தப்படாத ரப்பர்ப் பலகையை வண்டு விரைவில் பற்றும். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் ஒரு காலத்தில் விறகாகவே எரிந்தது. அதே மரம் இன்று, போரான் உப்பில் பதப்படுத்தப்பட்டு, நாற்காலியும் மேசையுமாக வெளிநாடுகளுக்குச் செல்கிறது. உங்கள் அலமாரி அத்தகைய மரத்தாலானது என்றால் நம்பிப் பயன்படுத்தலாம்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாயின், அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்க்க. ஈரத்தில் ஊறி உப்பியிருந்தால் அது எடை தாங்காது. ஜுரு ஆற்றங்கரை போன்ற தாழ்ந்த நிலப்பகுதிகளில் தரையின் ஈரம் பலகையில் ஏற இடமுண்டு. ஆகவே அலமாரியின் அடியில், இரண்டு அங்குல உயரமுள்ள மரக்கட்டைகளை நான்கு மூலைகளிலும் திருகாணியால் பொருத்துக.

முதுகுப் பலகையைக் கழற்றலாகாது

பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. கம்பிகளை உள்ளே கொண்டுவர வேண்டி, கதவுகளோடு முதுகுப் பலகையையும் முழுவதும் கழற்றிவிடுகின்றனர். தீப்பெட்டியின் உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு மேலுறையை மட்டும் விரலால் தள்ளிப் பாருங்கள். அது சாய்ந்து தட்டையாகிவிடும். முதுகுப் பலகை இல்லாத அலமாரியும் அவ்வாறே சாயும். மெல்லியதாயினும், நான்கு மூலைகளையும் நேராக நிறுத்துவது அந்தப் பலகையே.

ஆதலின் அதை அப்படியே விட்டு, கம்பி நுழைய ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு துளைகள் மட்டும் இடுக. பலகை தளர்ந்திருந்தால் சுற்றிலும் புதிய ஆணிகள் அடித்து இறுக்குக. கதவுகளைக் கழற்றினால், மேற்பலகையின் அடியில் முன்புறமும் பின்புறமும் மூன்று அங்குல அகலமுள்ள மரச்சட்டங்களைக் குறுக்கே பொருத்துக.

மேற்பலகை நீண்டிருந்தால் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை வேண்டும். நடுவில் எடை வைத்த பலகையின் நீளம் இரு மடங்கானால், அதன் வளைவு எட்டு மடங்காகும். நடுத்தாங்கல் இந்த வளைவைத் தடுக்கும். பின்னர் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, வார்னிஷோ சாயமோ இருமுறை பூசுக.

உயரமும் காற்றும்

திரையின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக இருப்பது நன்று. 32 அங்குலப் பெட்டியாயின், நாற்காலியில் அமர்வோருக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயர மேடை பொருந்தும். பாயில் அமர்ந்து பார்க்கும் குடும்பத்திற்கு 50 சென்டிமீட்டர் போதும். உயரம் குறைந்த மேடை உறுதியும் மிக்கது.

அலைவாங்கிக் கருவியைக் கதவு மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. அதன் வெப்பம் வெளியேற வழி வேண்டும். தொலைக்காட்சியின் பின்னும் பக்கங்களிலும் நான்கு அங்குல இடைவெளி விடுக. ஒரே மின் இணைப்புப் பலகையில் பல கருவிகளைச் செருகாதீர்கள்.

ஒரு கணக்கு

இப்பாடத்தின் முதன்மையான பகுதி இதுவே. அலமாரியும் தொலைக்காட்சியும் சேர்ந்து 25 கிலோ எனக் கொள்வோம். அலமாரியின் ஆழம் 40 சென்டிமீட்டர். எடை நடுவில், அதாவது முன்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் செயற்படுகிறது. அலமாரியை நிறுத்தி வைக்கும் ஆற்றல் 25 x 20 = 500.

இப்போது 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை, கார்ட்டூன் பார்க்கும் ஆவலில் இழுப்பறையை வெளியே இழுத்து அதன் மேல் ஏறுகிறது. அதன் எடை முன்விளிம்புக்கு 35 சென்டிமீட்டர் வெளியே விழுகிறது. கவிழ்க்கும் ஆற்றல் 15 x 35 = 525. அலமாரி குழந்தையின் மேல் சாய்ந்துவிடும்; தொலைக்காட்சியும் உடன் விழும்.

இது வெறுங்கற்பனையன்று. இத்தகைய விபத்துகளில் குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2016 ஜூனில் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறைப் பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. 2022 டிசம்பரில், துணி வைக்கும் பெட்டகங்கள் எளிதில் கவிழாதிருக்க வேண்டும் என அந்நாடு சட்டமும் இயற்றிற்று.

இனிக் காப்பு முறைகள். முதலாவது, கனமான பொருள்களைக் கீழ்த்தட்டில் வைக்க. மேலே சொன்ன அலமாரியின் அடித்தட்டில் 10 கிலோ சேர்த்தால், நிறுத்தும் ஆற்றல் 35 x 20 = 700 ஆகும்.

இரண்டாவது, அலமாரியைச் சுவரோடு பிணைக்க. ‘ட’ வடிவ இரும்புத் தகடுகள் இரண்டை மேற்பகுதியின் இரு ஓரங்களிலும் பொருத்துக. கல்சுவராயின், துளையிட்டு பிளாஸ்டிக் முளை செருகித் திருகாணியை முறுக்குக. பலகைச் சுவராயின், மெல்லிய பலகையில் திருகாமல் அதன் பின்னுள்ள மரச்சட்டத்தில் திருகுக. தோட்ட நிர்வாகத்தின் வீடாயினும் வாடகை வீடாயினும், துளையிடும் முன் உரியவரிடம் அனுமதி பெறுக. தொலைக்காட்சியையும் ஒரு பட்டையால் அலமாரியோடு கட்டுக.

மூன்றாவது, தொலைக்காட்சியின் மேலோ அருகிலோ விளையாட்டுப் பொருளும் இனிப்பும் வைக்காதீர்கள். அவையே குழந்தையை ஏறத் தூண்டுவன. இழுப்பறைகளைக் குழந்தை திறக்க முடியாதவாறு பூட்டி வைக்க.

வேலை முடிந்ததும், தொலைக்காட்சியை ஏற்றும் முன், அலமாரியின் மேல் முன்விளிம்பைப் பிடித்து உங்கள் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். அது சுவரைவிட்டு அசையாதிருந்தால் மட்டுமே தொலைக்காட்சியை அதில் வையுங்கள். அசைந்தால், தொலைக்காட்சி அன்று தரையிலேயே இருக்கட்டும். தகடுகளையும் திருகாணிகளையும் மீண்டும் செப்பனிடுக. திருகாணிக்கும் தகட்டுக்கும் ஆகும் செலவு சில வெள்ளியே. அதில் மிச்சம் பிடிக்க எண்ணாதீர்கள். அது உங்கள் குழந்தையின் உயிருக்கான காப்பு.