குருதிப் புற்றுநோயா? தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்

1. தெல்லிப்பழைப் புற்றுநோய்க் கிளினிக்கில், கீமோ தொடங்கமுன்னரே “எனக்கு எந்த ஊசி, எப்போது?” என்று கேளுங்கள். இரண்டு வாரமாவது முந்திப் போட்டால்தான் உடல் எதிர்ப்பாற்றலை நன்றாக உருவாக்கும்.

2. இன்புளுவென்சா ஊசியை ஆண்டுதோறும், மாரிக்கு முன் போடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே அந்தக் காய்ச்சல் கூடும்.

3. சிகிச்சைக் காலத்தில் எம்.எம்.ஆர்., கொப்புளிப்பான் ஊசிகளைத் தவிருங்கள். அவற்றிலுள்ள உயிர்க்கிருமி, வலுவிழந்த உடலில் நோயாகலாம்.

4. வீட்டார் எல்லோரும் இன்புளுவென்சா ஊசி போடுங்கள். நோயாளிக்கு ஊசியின் பலன் குறைவாகவே கிடைக்கலாம். சுற்றியிருப்பவர்தான் அவருக்கு வேலி.

5. ஊசிபோட்ட திகதியைக் கிளினிக் கொப்பியில் பதியச் செய்யுங்கள். அடுத்ததைத் தீர்மானிக்க வைத்தியருக்கு அது வேண்டும்.

ஊசி போட்டிருந்தாலும், காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோலைக் குடித்துவிட்டு விடியும்வரை காத்திராதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.