இன்ஷூரன்ஸ் படிவமும் நாம் தரும் விவரங்களும்

கடன் கோரும் அங்கத்தினரிடம் நமது சங்கம் பல விவரங்களைக் கேட்கிறது. தறிகள் எத்தனை, நிலம் எவ்வளவு, பழைய நிலுவை உண்டா, ஜாமீன் யார் என்று விசாரித்த பிறகே நிர்வாக சபை கடனை அனுமதிக்கிறது. இது அவநம்பிக்கை அன்று; பொதுப் பணத்தைக் காக்கும் முறையாகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இவ்வாறே விவரங்களைக் கேட்டுப் பெறுகிறது. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. சங்கத்தின் கணக்கை நாம் மகாசபையில் கேட்டறிகிறோம். கம்பெனி நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதையோ நம்மில் பலர் ஒரு முறையும் பார்த்ததில்லை. ஆதலின் இதனை இம்மாதப் பாடமாக ஆராய்வோம்.

விவரங்கள் எதற்கு?

பலருடைய சிறு தொகைகளைத் திரட்டி, சிலருக்கு நேரும் பெரு நஷ்டத்தை ஈடு செய்வதே இன்ஷூரன்ஸ். எத்தனை பேருக்கு நஷ்டம் நேரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டாலன்றிப் பிரீமியத்தை நிர்ணயிக்க இயலாது. 1693-ல் எட்மண்ட் ஹாலி என்னும் வானநூல் அறிஞர், பிரெஸ்லௌ நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கொண்டு, எந்த வயதில் எத்தனை பேர் உயிருடன் இருப்பர் என்று அட்டவணை வகுத்தார். ஆயுள் இன்ஷூரன்ஸ் இன்றும் இத்தகைய அட்டவணையின் மீதே நிற்கிறது. தனி ஒருவரின் ஆயுளை எவரும் கணிக்க முடியாது. லட்சம் பேரில் எத்தனை பேர் என்பதைக் கணிக்கலாம். நாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று வகுப்பதற்கே வயது, தொழில், புகையிலைப் பழக்கம், முன் கண்ட நோய், குடும்பத்தாரின் நோய் ஆகியவற்றைக் கேட்கிறார்கள்.

படிவம் மட்டுமே வழியன்று. வைத்தியப் பரிசோதனை, ஆஸ்பத்திரிப் பில், முன் பெற்ற நஷ்டஈடு ஆகியவையும் பதிவாகின்றன. 2009-ல் அமைக்கப்பட்ட இந்திய இன்ஷூரன்ஸ் தகவல் மன்றம் பல கம்பெனிகளின் விவரங்களை ஒருங்கே திரட்டுகிறது. மோட்டார் வண்டி ஓட்டும் தூரத்தையும் விதத்தையும் பொறுத்துப் பிரீமியம் விதிக்க 2022-ல் அனுமதி அளிக்கப்பட்டது.

விவசாயிகளுக்கு மற்றொரு வகை உண்டு. 2016-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சர்வே எண், அடங்கல், பயிரின் பெயர், பாங்கிக் கணக்கு ஆகியவை கேட்கப்படுகின்றன. மகசூல் நஷ்டம் தனி வயலைக் கொண்டன்று, அந்தப் பகுதியின் பயிர் அறுவடைச் சோதனையைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே சர்வே எண்ணோ பயிரின் பெயரோ பிழையானால், ஊரெல்லாம் ஈடு பெறும்போது நம் பெயர் மட்டும் விடுபட்டுப் போகலாம்.

மறைத்தலின் தீங்கு

ஒரு நெசவாளருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் கூடிவிடும் என்று அஞ்சி ஏஜெண்ட் 'இல்லை' என்று குறிக்கிறார். இவரும் படிக்காமல் கையெழுத்திடுகிறார். இரண்டாம் ஆண்டில் அவர் இறந்தால், கம்பெனி ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வரவழைத்துப் பார்க்கும். ஏஜெண்ட் சொன்ன சொல்லுக்குச் சாட்சி இராது. கையெழுத்துக்குச் சாட்சி காகிதமே. பல ஆண்டு உழைப்பில் கட்டிய பணத்தின் பயன் குடும்பத்திற்குக் கிட்டாமற் போகும்.

1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015-ல் திருத்தப்பட்டபடி, மூன்று ஆண்டு கழிந்த ஆயுள் பாலிசியை எக்காரணம் கொண்டும் மறுத்துப் பேசலாகாது என்கிறது. ஆனால் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு மீண்டும் எண்ணப்படும் என்பதை மறத்தலாகாது.

காப்பாற்ற வேண்டியவை

உண்மையைச் சொல்வது நம் கடமை. அதைக் காப்பது கம்பெனியின் கடமை. 2024-ல் நம் நாட்டில் ஒரு மருத்துவ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கசிந்தன. நோயின் பெயர் ஊரறிந்தபின் அதைத் திரும்பப் பெற வழியில்லை. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்கள் எவ்வாறு பயன்படுகின்றன என்று கேட்கவும், பிழையைத் திருத்தக் கோரவும், தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை வகுத்துள்ளது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; அவை படிப்படியாக அமலுக்கு வரும்படி அமைந்தவை.

ஆகவே அங்கத்தினர்கள் அனுசரிக்க வேண்டியவை இவை:

1. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடலாகாது. பிறர் நிரப்பினால், படித்து விளக்கியதாக அவரும் கையொப்பமிட வேண்டும்.

2. பாலிசியுடன் படிவத்தின் நகலைக் கேட்டுப் பெற்று, வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளைக் கொண்டாவது ஒப்பிடுக. பிழையிருப்பின் உடனே எழுத்து மூலம் திருத்தக் கோருக.

3. விளம்பரத்திற்காகக் கேட்கும் சம்மதம் வேறு, பாலிசிக்கு வேண்டிய சம்மதம் வேறு. முன்னதை மறுக்கலாம்.

4. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவரிடமும் கூறலாகாது.

5. குறையை முதலில் கம்பெனிக்கு எழுதுக. 30 நாளில் தக்க பதில் வராவிடில், கட்டணமின்றி இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். சென்னையில் அவரது அலுவலகம் உள்ளது.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்: நம்மிடமுள்ள பாலிசிகளில் வயதும் வாரிசுதாரர் பெயரும் சரியாக உள்ளனவா? படிவம் நிரப்பத் தெரியாத அங்கத்தினருக்கு உதவச் சங்கம் மாதம் ஒரு நாளை ஒதுக்கலாகாதா?