அசையாத கையைத் தொட்டுப் பார்

அன்புள்ள கயல்,

பிசியோதெரபி இரண்டாம் ஆண்டில் வார்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாய். ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஓரிடத்தில் ஹெமிபரேசிஸ், இன்னோரிடத்தில் ஹெமிபிளீஜியா என்று இருக்கிறதே, இரண்டும் பக்கவாதம்தானே என்று கேட்டிருந்தாய். வீட்டுக்காரர்களுக்கு ஒன்றுதான். நீ அப்படி நினைக்கக் கூடாது.

பரேசிஸ் என்றால் பலக்குறைவு. மூளையின் கட்டளை கொஞ்சமாவது தசைக்குப் போய்ச் சேர்கிறது. பிளீஜியா முழுச் செயலிழப்பு. எவ்வளவு முயன்றாலும் தசை இறுகாது. முன்னால் வரும் ஹெமி உடம்பின் ஒரு பக்கத்தையும், பாரா இரு கால்களையும் குறிக்கும். அவ்வளவுதான்.

எது எங்கே முடிகிறது என்பதற்கு பிரிட்டனின் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வகுத்த அளவுகோல் இருக்கிறது. 5 இயல்பான பலம். நாம் அழுத்தினால் ஓரளவு எதிர்த்து நிற்கும் கைக்கு 4. தன் எடையை மட்டும் தூக்க முடிந்தால் 3. தூக்க முடியாமல் மெத்தைமேல் நகர்த்த மட்டும் முடிந்தால் 2. மூட்டு அசையாமல் தசை மட்டும் லேசாக இறுகினால் 1. அதுவும் இல்லையென்றால் 0, அதுதான் பிளீஜியா.

தவறு நடப்பது 1க்கும் 0க்கும் நடுவில். பார்வைக்கு இரண்டு கைகளும் ஒரே மாதிரிதான் கிடக்கும். தசைமேல் விரல் வைத்து, “மடக்கப் பாருங்கம்மா” என்று சொல். விரலடியில் ஓர் இறுக்கம் தட்டுப்பட்டாலும் அது பரேசிஸ். மூளையின் இடப்பக்கம் அடிபட்டவருக்கு நீ பேசுவதே புரியாமல் போகலாம், செய்து காட்டு. புரியாததால் அசைக்காதவரைச் செயலிழந்தவர் என்று எழுதிவிடாதே.

இந்தச் சொற்கள் பாதிப்பின் அளவைச் சொல்லும். காரணத்தையோ, குணமாகுமா என்பதையோ சொல்லாது. வலிப்பு வந்தபின் சிலருக்கு ஒரு கை விழுந்துபோகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் மீண்டுவிடும். ராபர்ட் பென்ட்லி டாட் விவரித்த அதைச் சிலர் டாட்ஸ் பரேசிஸ் என்பார்கள், சிலர் டாட்ஸ் பராலிசிஸ் என்பார்கள். குழந்தைகள் பிரிவிலோ, ஓடி விளையாடும் செரிப்ரல் பால்சி பிள்ளைக்கும் ஹெமிபிளீஜியா என்றே எழுதுவது பழக்கம். அதற்காகச் சீனியர்களோடு மல்லுக்கு நிற்காதே.

நீ எழுதும்போது சொல்லோடு எண்ணையும், சோதித்த நேரத்தையும் சேர்த்து எழுது. காலையில் 3 இருந்த கை மாலையில் 1 ஆகியிருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடு.

அன்புடன்,
சித்தி