மானியம் யார் கைக்குப் போகிறது? - ஒரு பருத்தி மாவட்டம் தரும் பாடம்

நிலத்திற்கென்று அரசு கொடுக்கும் பணம் பட்டாதாரருக்கா, உழுது பயிரிடுபவருக்கா? இக்கேள்வி நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. அமெரிக்காவில், ஆர்க்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த பாயின்செட் என்னும் பருத்தி மாவட்டத்தில் 1934-ஆம் ஆண்டிலேயே இது பெரும் பூசலாயிற்று. வாரத்திற்கும் குத்தகைக்கும் பயிரிடும் உழவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருப்பது நன்று.

1932-இல் அங்கே ஒரு பவுண்டு பஞ்சு சுமார் 6 சென்ட்டுக்கு இறங்கிவிட்டது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று கருதி, பருத்திப் பரப்பில் ஒரு பகுதியைத் தரிசாக விடுவோருக்குப் பணம் தர 1933-இல் சட்டம் வந்தது. 1934-35 ஒப்பந்தப்படி பவுண்டுக்கு நாலரை சென்ட். இதில் மூன்றரை சென்ட் தரிசு நிலத்திற்கான வாடகை. அது முழுவதும் நிலச்சொந்தக்காரருக்கு. மீதி ஒரு சென்ட் மட்டுமே வாரப்படி பிரிக்கப்பட்டது. 200 பவுண்டுக்குக் கணக்கிட்டால் மொத்தம் 9 டாலர். நிலச்சொந்தக்காரருக்கு 8 டாலர், பாதி வாரத்திற்குப் பயிரிட்டவருக்கு 1 டாலர். பஞ்சாக விளைந்திருந்தால் ஆளுக்குப் பாதி! இக்கணக்கை வகுத்தவர்கள் ஒரு நாளும் களத்தில் நின்று வாரம் பிரித்திருக்க மாட்டார்கள்.

இதைவிடக் கேடு ஒன்று உண்டு. பரப்பு குறைந்தால் ஆட்களும் குறைவாகவே வேண்டும். வாரக்காரரை வெளியேற்றி, வேண்டும்போது நாட்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டால், அந்த ஒரு டாலரையும் பங்கிட வேண்டியதில்லை. வாரக்காரர்களின் எண்ணிக்கையை 'இயன்ற வரையில்' குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். 'இயன்ற வரையில்' என்ற சொல் எத்தனை வாசல்களைத் திறந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா? முறையீட்டை முதலில் விசாரித்த மாவட்டக் குழுக்களிலோ பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர்களே செல்வாக்குடன் இருந்தனர்.

1934 ஜூலையில் டைரோன்சா என்னும் ஊரை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினர். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். இரு சாராரும் ஒன்றாக உட்காராத காலம் அது. தென்னகக் குத்தகை உழவர் சங்கம் அங்கே பிறந்தது. உழவர் பக்கம் நின்று ஒப்பந்தத்திற்குப் பொருள் சொன்ன அதிகாரிகள் சிலர் 1935 பிப்ரவரியில் பதவி இழந்தனர். 1936-இல் உச்ச நீதிமன்றம் வேறு காரணத்தால் அச்சட்டத்தையே செல்லாததாக்கிற்று.

பின்னர் வந்த திட்டங்களில் வாரக்காரர் பங்கு நேரே அவர் பெயருக்கே வந்தது. பிரச்சினை தீரவில்லை. பங்கு கொடுக்க மனமில்லாத சொந்தக்காரர்கள் வாரக்காரரையே நீக்கினர். ஆர்க்கன்சாவை ஒட்டிய மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், 1939 ஜனவரிக் குளிரில், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தட்டுமுட்டுச் சாமான்களுடன் நெடுஞ்சாலை ஓரத்தில் குடியேறினர்.

இன்று அந்நாட்டில் ரொக்கக் குத்தகையானால் பயிரிடுபவருக்கே மானியம். வாரமானால் பங்குப்படி இருவருக்கும். ஆயினும் மானியத்தில் டாலருக்குச் சுமார் 25 சென்ட், குத்தகை உயர்வு வழியாக நிலச்சொந்தக்காரரிடம் போய்ச் சேர்வதாக 2009-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இனி நம் நிலைமை. 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தில், மூன்று தவணைகளில் ஆண்டுக்கு ரூ.6,000 நிலம் தம் பெயரில் உள்ள குடும்பத்திற்கே வழங்கப்படுகிறது. குத்தகைதாரருக்கு அதில் இடமில்லை. பயிர்க் காப்பீடு அவ்வாறன்று. குத்தகைதாரரும் வாரக்காரரும் அதில் சேரலாம். ஆனால் பயிரிடுபவர் தாமே என்று காட்டக் காகிதம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகைதான் இங்கே காலை வாரும். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிய வழி உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து மனுச் செய்யவும். விதைத்த உடனேயே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, அதில் சர்வே எண்ணும் பயிரும் பரப்பும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளவும்.