கைப்பேசி ஏன் திணறுகிறது?

இரவு பத்து மணி. விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு 'ஏ நெகட்டிவ்' இரத்தம் உடனே வேண்டும். தொண்டர் ஒருவர் தம் கைப்பேசியைத் திறக்கிறார். மாவட்டத்தில் இரத்தம் கொடுக்க முன்வந்த 1,00,000 பேரின் பெயர், ஊர், இரத்த வகை, தொலைபேசி எண் எல்லாம் அதிலுள்ள செயலியில் இருக்கின்றன. ஊரையும் வகையையும் தட்டுகிறார். திரையில் ஒரு வட்டம் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது. பொறுமையிழந்து பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது நம் வழக்கம். அதனால் வேலை கூடுமே தவிரக் குறையாது!

இது நாமாகக் கற்பித்துக்கொண்ட காட்சிதான். ஆனால் இத்தகைய தயக்கத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். புதிய கைப்பேசி வாங்கினால் சரியாகிவிடும் என்பார் சிலர். கோளாறு பெரும்பாலும் கருவியில் இல்லை. தேடும் முறையில் இருக்கிறது.

கைப்பேசிச் செயலிகளில் தகவல்களைச் சேமித்து வைக்கப் பெரிதும் பயன்படுவது 'எஸ்கியூலைட்' என்னும் மென்பொருள். ரிச்சர்டு ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். தகவல்களை இது பக்கம் பக்கமாக வைக்கிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட். ஒருவரைப் பற்றிய குறிப்புக்கு 200 பைட் என்று கொண்டால், பக்கத்துக்கு 20 பேர். 1,00,000 பேருக்கு 5,000 பக்கங்கள். பெயர்கள் சேர்க்கப்பட்ட வரிசையிலேயே கிடக்கின்றன. எனவே "மேலூரில் ஏ நெகட்டிவ் யார்?" என்று கேட்டால், முதற் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

அகராதியில் நாம் அப்படியா தேடுகிறோம்? நடுவில் பிரிக்கிறோம், வேண்டிய சொல் முன்னே இருக்குமா, பின்னே இருக்குமா என்று பார்த்து ஒரு பாதியை ஒதுக்கிவிடுகிறோம். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 1,00,000 பெயர்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க 17 முறை ஒப்பிட்டால் போதும். இரண்டைப் பதினேழு முறை பெருக்கினால் 1,31,072 வருகிறதல்லவா?

இதற்கு வேண்டியது வரிசைப்படுத்திய ஓர் அடைவு. கணினித் துறையினர் 'இண்டெக்ஸ்' என்பது இதனையே. போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்கிரைட் இருவரும் 1970-இல் இதற்கு அருமையான வழி ஒன்று கண்டனர். அதன் பெயர் 'பி-மரம்'. இதில் பாதை இரண்டாகப் பிரிவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து நூறு கிளைகள்கூடப் பிரியலாம். முதற் படியில் 100, அடுத்ததில் 10,000, மூன்றாவதில் 10,00,000! ஆக, மூன்று பக்கங்களைப் பார்த்தால் நமது அடைவில் வேண்டிய இடம் வந்துவிடும். அங்கே இருப்பது ஆளின் வரிசை எண் மட்டுமே. அதைக் கொண்டு முழுக் குறிப்பையும் எடுக்க மேலும் மூன்று பக்கங்கள். பத்துப் பேர் கிடைத்தாலும் நாற்பது பக்கங்களைத் தாண்டாது. 5,000 எங்கே, 40 எங்கே!

ஆனால் எதற்கு அடைவு போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரத்த வகைக்கு மட்டும் போட்டால், 'ஓ பாசிட்டிவ்' போன்ற பரவலான வகையைக் கேட்கும்போது பல்லாயிரம் பேர் வந்து நிற்பர். ஒவ்வொருவருக்காகவும் அங்குமிங்கும் தாவுவதைவிட முழுவதையும் புரட்டிவிடுவதே விரைவாக முடியலாம். ஊர், வகை இரண்டையும் சேர்த்து ஒரே அடைவாகப் போட வேண்டும். முதலில் ஊர் வரிசை. ஒரே ஊருக்குள் வகை வரிசை. மேலூர் ஏ நெகட்டிவ்காரர்கள் அப்போது ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருப்பார்கள்.

அடைவு கைகொடுக்காத இடமும் உண்டு. 'ராஜன்' என்று முடியும் பெயர்களை எல்லாம் கேட்டுப் பாருங்கள். அகராதியில் கடைசி எழுத்தை வைத்துச் சொல் தேட முடியுமா? அதே தொல்லைதான் இங்கும். மேலும், புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது ஒவ்வோர் அடைவிலும் அவருக்கு இடம் தேடி எழுத வேண்டும். கண்டதற்கெல்லாம் அடைவு போட்டால் தேடுவது விரைந்து, சேர்ப்பது மந்தமாகும். கைப்பேசியில் இடமும் அடைபடும்.

வினவலுக்கு முன் 'எக்ஸ்பிளெயின் குவெரி பிளான்' என்று எழுதினால் தான் தேடப்போகும் வழியை எஸ்கியூலைட்டே சொல்லிவிடும். 'ஸ்கேன்' என்று வந்தால் முழுவதையும் புரட்டுகிறது என்று பொருள்; 'சர்ச்' என்றால் நேராகச் சென்று தேடுகிறது. கணினி இருப்பவர்கள் செய்து பார்க்கலாம்.

ஒரு கேள்வி: ஊர், வகை என்ற வரிசையில் அடைவு போட்டாயிற்று. இப்போது ஊரைச் சொல்லாமல், மாவட்டம் முழுவதிலும் உள்ள ஏ நெகட்டிவ்காரர்களைக் கேட்டால் அந்த அடைவு உதவுமா?