கெளுத்தித் தீவனத்தில் மீன்தூளைக் குறைப்பது எப்படி?

கெளுத்தி வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. அதில் விலை கூடிய சரக்கு மீன்தூள். நல்ல மீன்தூளில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதம் இருக்கும். லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள், பாஸ்பரஸ், மீனை இழுக்கும் மணம் ஆகியவையும் அதோடு சேர்ந்தே கிடைக்கும். இவை அனைத்தையும் தனியாகத் தரக்கூடிய புண்ணாக்கு எதுவும் இல்லை. பல சரக்குகளைச் சேர்த்தே ஈடுகட்ட வேண்டும். எல்லாவற்றையும் தின்னும் பங்காசியஸ் கெளுத்திக்கு இது எளிதில் கைகூடும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் வளரும் சேனல் கெளுத்தி, பெரும்பாலும் சோயாத் தீவனத்திலேயே விற்பனை எடையை எட்டுகிறது.

1. பருவம் பார்த்தல்

குஞ்சுப் பருவத்தில் புரதத் தேவை மிக அதிகம். அப்போது மீன்தூளைக் குறைக்கக் கூடாது. விரலளவைத் தாண்டி வளர்ப்புக் குளத்துக்கு மாறிய மீன்களுக்கே இந்த மாற்றம் பொருந்தும். அவற்றுக்கு 28 முதல் 32 விழுக்காடு புரதம் போதும்.

2. சரக்குத் தேர்வு

சோயாப் புண்ணாக்கில் லைசின் நிறைவாகவும் மெத்தியோனின் குறைவாகவும் உள்ளன. எள்ளுப் புண்ணாக்கில் இது தலைகீழ். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். கடலைப் புண்ணாக்கு புரதம் மிகுந்தது என்றாலும் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாகும். பூஞ்சை வாடை அடிப்பதையும் கட்டிதட்டியதையும் வாங்கக் கூடாது. வெயிலில் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் உள்ள காசிபால், லைசினைப் பிணைத்துப் பயனற்றதாக்கும் என்பதால் அதைச் சிறிதளவே சேர்க்க வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. முழுச் சோயாவைப் பயன்படுத்தினால் வேகவைத்தோ வறுத்தோதான் அரைக்க வேண்டும்.

3. கலவை

100 கிலோ வளர்ப்புத் தீவனத்துக்கு:

சோயாப் புண்ணாக்கு – 36 கிலோ
எண்ணெய் நீக்கிய தவிடு – 22 கிலோ
மக்காச்சோள மாவு – 15 கிலோ
கடலைப் புண்ணாக்கு – 12 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு – 8 கிலோ
மீன்தூள் – 3 கிலோ
டைகால்சியம் பாஸ்பேட் – 1.5 கிலோ
மீன் எண்ணெய் – 1 கிலோ
வைட்டமின், தாது கலவை – 1 கிலோ
உப்பு – அரை கிலோ

இதில் சுமார் 30 விழுக்காடு புரதம் கிடைக்கும். சேனல் கெளுத்திக்குப் புரதத்தில் 5.1 விழுக்காடு லைசினாக இருக்க வேண்டும். இக்கலவை அதை ஒட்டியே நிற்கிறது. சோயாவைக் குறைத்துக் கடலையைக் கூட்டினால் லைசினைத் தனியே சேர்க்க நேரும். மீந்த 3 கிலோ மீன்தூள் மணத்துக்காக. தாவரச் சரக்கின் பாஸ்பரசில் பெரும்பகுதி பைட்டேட்டாகக் கட்டுண்டிருப்பதால் மீனால் அதைச் செரிக்க முடியாது. அந்தக் குறையை டைகால்சியம் பாஸ்பேட் தீர்க்கிறது.

4. தயாரிப்பு

புண்ணாக்குகளை மாவாக அரைத்துச் சலிக்க வேண்டும். உப்பையும் பாஸ்பேட்டையும் முதலில் கொஞ்சம் தவிட்டோடு கலந்து, பிறகு மொத்த மாவோடு சேர்த்தால் சீராகப் பரவும். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஆவியில் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். சூடு ஆறிய பிறகே எண்ணெயையும் வைட்டமின் கலவையையும் சேர்க்க வேண்டும். சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடும். அச்சில் பிழிந்து, நிழலில் மொறுமொறுப்பாக உலர்த்தி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்க வேண்டும்.

5. பழக்குதல்

பழைய தீவனத்தோடு கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்ற வேண்டும். கையால் செய்த தீவனம் மூழ்கும். ஆகவே தட்டுகளில் வைத்துத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தட்டில் மிச்சம் இருந்தால் மறுவேளை அளவைக் குறைக்கலாம்.

6. கணக்கு

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சில மீன்களைப் பிடித்து எடை போட வேண்டும். ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதே முடிவான அளவுகோல். எடுத்துக்காட்டாக, கிலோ 40 ரூபாய்த் தீவனம் 2 கிலோ செலவானால் 80 ரூபாய். 50 ரூபாய்த் தீவனம் 1.5 கிலோ செலவானால் 75 ரூபாய். இந்தக் கணக்கை வைத்தே அடுத்த கலவையில் மீன்தூளைக் குறைப்பதா, கூட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.