மூடிக்கு அடியில் ஒரு திருகாணி

முழங்கால் தேய்ந்து, குந்தி உட்காரும் வித்தையை நான் இழந்த நாளிலிருந்து மேல்நாட்டுப் பாணிக் கழிப்பறையே கதியாகிவிட்டபடியால், ஒரு நாள் விடியற்காலையில் அதன் இருக்கை என்னைச் சுமந்தபடியே இடப்புறமாக நழுவியபோது, அதை அலட்சியம் செய்வது தேகத்துக்கு க்ஷேமமன்று என்று தீர்மானித்தேன். ப்ளம்பரிடம் சொன்னேன், அவர் மூன்று நாள் “இதோ வந்துட்டேன் சார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய வீட்டில் இந்தக் கைங்கரியத்தை நானே செய்திருக்கிறேன். அங்கே பீங்கானுக்குப் பின்னால் கையை விட்டால் இரண்டு பிளாஸ்டிக் நட்டுகள் தட்டுப்படும், திருகினால் கழன்றுவிடும். இப்போதைய வீட்டில் இருப்பதோ பக்கங்கள் தரை வரையில் வழவழவென்று மூடப்பட்ட புது மாதிரி. துடைக்கச் சௌகரியம், பழுது பார்க்கப் பரம அசௌகரியம். சுவருக்கும் பீங்கானுக்கும் இடையிலிருந்த சந்தில் கையை நுழைத்து அரை மணி நேரம் துழாவினேன். நட்டு அகப்படவில்லை, கைதான் அகப்பட்டுக்கொண்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றி அதை விடுவித்த என் மனைவி, “கடையிலே ஒரு வார்த்தை கேட்டா என்ன?” என்றாள்.

“கீழே நட்டே கிடையாது சார். கீல் மேலே சின்ன மூடி இருக்கும், நெம்பிப் பாருங்க” என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். அலங்காரம் என்று நான் நினைத்திருந்த அந்த வட்டத் தகட்டின் கீழே திருகாணியின் தலை சாவதானமாக வீற்றிருந்தது.

அதன் சூட்சுமம் இதுதான்: துவாரத்துக்குள் ஒரு ரப்பர்க் குழாயும் அதன் அடி முனையில் ஒரு பித்தளை நட்டும் இருக்கின்றன, மேலிருந்து முறுக்க முறுக்க நட்டு மேலேறி ரப்பரை நசுக்க, அது பீங்கானுக்கு அடியில் பருத்துப் பிடித்துக்கொள்கிறது. கழற்றும்போது ரப்பரும் கூடவே சுற்றினால் திருகாணி மேலே வராது. அப்போது கீலின் அடியில் திருப்புளியைக் கொடுத்து மெல்ல மேல்நோக்கி நெம்பிக்கொண்டே திருக வேண்டும். பீங்கான்மேல் நேரே ஊன்றக் கூடாது. மடித்த துணி ஒன்றை இடையில் வையுங்கள்.

வலப்பக்கத்தது அவ்விதம் வந்தது. இடப்பக்கத்தது துருவேறி, தேங்காயெண்ணெய்க்கும் மசியவில்லை (அது துருவுக்கான மருந்தல்ல என்று பிறகு அறிந்தேன்). பழைய எக்ஸ்ரே படமொன்றைப் பீங்கான்மேல் விரித்து, ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கீலுக்கும் பீங்கானுக்கும் நடுவே திருகாணியை அறுத்தேன். அந்தப் படம் என் முழங்காலுடையதுதான். மருத்துவரிடம் காட்டியதைக் காட்டிலும் இங்கேதான் அதனால் அதிகப் பிரயோஜனம்.

புதிய இருக்கை வாங்கப் போகுமுன் செய்தித்தாளைப் பீங்கானின் வாயின்மேல் பரப்பி விளிம்பையும் இரு துவாரங்களையும் பென்சிலால் வரைந்து எடுத்துச் சென்றேன். துவாரங்களின் மையங்களுக்கு இடையே 155 மில்லிமீட்டர். எல்லா மாதிரிக்கும் இதே அளவு என்று நம்பிவிட வேண்டாம். நீளமும் வளைவும்கூட மாறுபடும். மேலிருந்தே முறுக்கக்கூடிய ரப்பர்ப் பிடிப்பு உள்ளதா என்றும் டப்பாவைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

பூட்டும்போது ரப்பர் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமும் சோப்பும் இருந்தால் வழுக்கிச் சுற்றும். இரண்டு திருகாணிகளையும் பாதியளவு முறுக்கிவிட்டு, மூடியைச் சாத்தி, இருக்கை விளிம்போடு பொருந்துகிறதா என்று பார்த்த பின்பே இறுக்குக. பிடிப்பு ஏற்பட்டதும் நிறுத்திவிடுவது விவேகம். பலப்பரீட்சை நடத்தினால் விரிசல் விடும். ஒரு வாரம் கழித்து அரைச் சுற்று மறுபடி முறுக்கினேன்.

ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கமுள்ளவர்கள் அந்த நேரத்தில் மூடியைச் சாத்தி வைக்காதீர்கள். உள்ளே அடைபடும் ஆவி திருகாணியைத் தின்றுவிடும். என் வீட்டுத் துருவுக்கும் அதுவே மூலகாரணம். அறுபட்ட துண்டு ரப்பரோடு துவாரத்தின் கீழுள்ள வெற்றுக்குழியில் விழுந்துவிட்டது. தண்ணீர் போகும் பாதை அதுவன்று. ஆகையால் அது இன்றும் அங்கேயே கிடக்கிறது.